பெயர் ஒன்று, விலாசம் மூன்று

இல்லமும் யந்திரமும்

மும்பையில் வாடகை வீட்டில் வாழும் நம்மவர்க்கு ஜாகை மாற்றுவது புதிய செய்தியன்று. 11 மாத ஒப்பந்தம் முடிந்தவுடன் பாத்திரம் பண்டங்களை மூட்டை கட்டுகிறோம். மாதுங்காவிலிருந்து செம்பூருக்கும், செம்பூரிலிருந்து தோம்பிவிலிக்கும் செல்கிறோம். புது வீட்டில் பால் காய்ச்சியதும் நம் பெரியோர் செய்த முதற் காரியம், ஊருக்கு ஒரு கார்டு எழுதிப் போடுவதே. அந்தக் கார்டு போய்ச் சேராவிட்டால், ஊரிலிருந்து வரும் கடிதம் பழைய வீட்டு வாயிலில் கிடந்துவிட்டு, வந்த வழியே திரும்பிச் செல்லும். பெயர் மாறவில்லை, ஆள் மாறவில்லை, ஆயினும் கடிதம் சேரவில்லை.

இம்மாதம் நாம் எழுதப் புகுந்திருப்பதும் இத்தகைய சங்கடத்தைப் பற்றியே. ஆனால் இடம் மாறியது நாமல்ல. நம் வீட்டில் ஓடும் ஒரு கணினியின் விலாசம்.

நம் இல்லத்துக் கூடத்தின் மூலையில் பழைய மேசைக் கணினி ஒன்று இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கிறது. குடும்பப் புகைப்படங்கள், பிள்ளைகளின் சான்றிதழ்கள், தகப்பனார் 1986ஆம் ஆண்டில் கேசட்டில் பேசிப் பதிவு செய்த ஊர்க் கதைகள் ஆகிய யாவும் அதில் உள்ளன. தஞ்சாவூரில் இருக்கும் தாயாரும், கோயம்புத்தூரில் இருக்கும் தங்கையும், ஜம்ஷெட்பூரில் இருக்கும் தமையனாரும் தத்தம் கைபேசியிலிருந்தே அதைத் திறந்து பார்ப்பார்கள். அதற்கென ஒரு பெயர் வைத்திருக்கிறோம். அப்பெயரைத் தொட்டால் நம் வீட்டுப் பெட்டி திறக்கும்.

தகப்பனாரின் நினைவு நாளன்று காலையில் விளக்கேற்றிய பின், தாயார் கால் மணி நேரம் அந்தக் குரலைக் கேட்பது வழக்கம். இவ்வாண்டு அதற்கு முந்திய இரவு பெருமழை பெய்தது. மின்சாரம் நின்று, விடியற்காலையில்தான் வந்தது. ஏழு மணிக்குத் தாயார் தொலைபேசியில் அழைத்து, "பெட்டி திறக்கவில்லையே, என்ன செய்ய?" என்று கேட்டார்கள். "நீ சரியாகத் தொட்டிருக்க மாட்டாய், அம்மா. நிதானமாக மறுபடி பார்" என்றோம். மூன்று முறை கேட்டார்கள். மூன்று முறையும் அதையே சொன்னோம். "சரி, உனக்கு ஆபீஸுக்கு நேரமாகும், போ" என்று சொல்லி வைத்துவிட்டார்கள்.

தவறு தாயாரின் விரலில் இல்லை. நம் வீட்டில்தான் இருந்தது. அதைக் கண்டுபிடிக்க நமக்கு இரண்டு நாட்கள் ஆயின. முறையாகத் தேடியிருந்தால் அரை மணியில் கண்டிருக்கலாம். அந்த முறையை அன்பர்களுக்குச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் இந்த ஏற்பாடு எவ்வாறு நடக்கிறது என்று பார்ப்போம். இணையத்தில் ஒவ்வோர் இணைப்புக்கும் எண்களால் ஆன ஒரு விலாசம் உண்டு. எண்களை மனிதர் நினைவில் வைப்பது கடினமாதலால், பெயரைச் சொன்னால் எண்ணைச் சொல்லும் பெயர்ப் பதிவேடு ஒன்றை உலகம் வைத்துக்கொண்டிருக்கிறது. டி.என்.எஸ். எனப்படும் இந்த ஏற்பாட்டை 1983ஆம் ஆண்டில் வகுத்துக் கொடுத்தவர் பால் மொக்கபெட்ரிஸ் என்னும் அமெரிக்கக் கணினி அறிஞர். பெரிய நிலையங்களின் விலாசம் மாறுவது அரிது. வீடுகளின் கதி வேறு. ரௌட்டர் அணைந்து மறுபடி எரிந்தாலே, இணைப்பு தரும் கம்பெனி வேறோர் எண்ணைக் கொடுத்துவிடக்கூடும்.

ஆகவே, எண் மாறிய செய்தியைப் பதிவேட்டுக்கு உடனே தெரிவிக்க ஓர் ஆள் வேண்டும். 1997ஆம் ஆண்டில் இதற்கென ஒரு நெறிமுறை வகுக்கப்பட்டது. வீடுகளுக்கான சேவைகளிற் பெரும்பாலானவை அதனினும் எளிய வழியைக் கையாள்கின்றன. வீட்டுக் கணினியிலோ ரௌட்டரிலோ ஒரு சிறு நிரல் இருக்கும். சில நிமிஷங்களுக்கு ஒரு முறை, "வெளியுலகுக்கு நான் எந்த எண்ணில் தெரிகிறேன்?" என்று அது கேட்கும். எண் மாறியிருந்தால் பெயர் தரும் நிலையத்துக்கு அறிவிக்கும். டிடிகிளையன்ட், இனாடின் என்பன இத்தகைய நிரல்கள். இந்த ஏற்பாட்டுக்கு டைனமிக் டி.என்.எஸ். என்று பெயர். நிரலை நாம் இங்கே தூதன் என்றே அழைப்போம். ஊருக்குக் கார்டு எழுதிப் போடும் வேலையைத்தானே அது செய்கிறது!

பெட்டி திறக்காத வேளையில் பதற்றத்தில் எதையும் மாற்றலாகாது. ஒரு தாளை எடுத்து மூன்று விலாசங்களை எழுதுக.

முதலாவது, ரௌட்டர் தன் வெளிப்புற விலாசம் என்று சொல்வது. ரௌட்டரின் உட்பக்கத்தைத் திறந்து, 'வான்' அல்லது 'இன்டர்நெட்' என்ற தலைப்பின் கீழ்ப் பார்த்தால் தெரியும். இரண்டாவது, வெளியுலகம் நம்மைக் காணும் விலாசம். வீட்டு வைஃபையில் இருந்தபடியே "என் ஐ.பி. விலாசம் என்ன?" என்று காட்டும் ஏதேனும் ஒரு பக்கத்தைத் திறந்தால் தெரியும். சில பக்கங்கள் எழுத்தும் எண்ணும் கலந்த நீண்ட விலாசத்தைக் காட்டும். அது வேறு வகை. இங்கே வேண்டியது புள்ளிகளால் பிரிந்த நான்கு எண்கள். மூன்றாவது, நம் பெயருக்கு எதிரே பதிவேட்டில் உள்ள விலாசம். கணினியில் என்.எஸ்.லுக்கப் என்னும் கட்டளையோடு பெயரைக் கொடுத்தால் விடை வரும்.

இம்மூன்றையும் ஒப்பிட்டாலே நோய் இன்ன இடத்தில் என்பது புலப்படும். ஒவ்வொன்றாகச் சொல்வோம்.

முதல் இரண்டும் ஒன்றாக இருந்து, மூன்றாவது மட்டும் வேறாக இருந்தால், தூதன் தன் கடமையைச் செய்யவில்லை என்று பொருள். நினைவு நாளன்று காலையில் நாம் முதலிற் பார்த்தபோது, பதிவேட்டில் முந்திய நாளைய எண்ணே இருந்தது. தூதன் எழுதி வைக்கும் நாட்குறிப்பைத் திறந்தோம். மின்சாரம் வந்ததும் கணினி ஒரு நிமிஷத்தில் விழித்துக்கொண்டது. ரௌட்டருக்கோ இணைப்புக் கிடைக்க மூன்று நிமிஷம் பிடித்தது. தூதன் எழுந்தவுடன் கேட்டுப் பார்த்து, பதிலில்லாமையால் பிழை என்று எழுதிவிட்டு நின்றுபோயிருந்தது. இணைப்பு வந்த பிறகே தொடங்கும்படியும், நின்றால் தானே மறுபடி எழும்படியும் அதை அமைத்துவிட்டோம்.

தூதன் தவறுவதற்கு வேறு காரணங்களும் உண்டு. பெயர் தரும் நிலையம் சொல்லும் மறுமொழியைக் கவனித்தால் அவை விளங்கும். பல நிலையங்கள் பின்பற்றும் பழைய முறையில், 'குட்' என்றால் புது விலாசம் பதிவாயிற்று. 'நோசேஞ்ச்' என்றால் விலாசம் ஏற்கனவே அதுதான். 'பேட்ஆத்' என்றால் பயனர் பெயரோ கடவுச்சொல்லோ தவறு. 'நோஹோஸ்ட்' என்றால் அப்படி ஒரு பெயரே நம் கணக்கில் இல்லை. 'அப்யூஸ்' என்றால் தேவையின்றி அடிக்கடி தொந்தரவு செய்ததற்காகத் தடுத்துவிட்டார்கள். '911' என்றால் கோளாறு அவர்கள் பக்கத்தில், சிறிது பொறுத்து முயல வேண்டும். கடவுச்சொல்லை மாற்றிவிட்டுத் தூதனிடம் சொல்ல மறந்த குடும்பங்கள் பல. இலவசப் பெயரை மாதந்தோறும் உறுதி செய்ய வேண்டும் என்னும் கடிதத்தைப் படியாமல் விட்டுப் பெயரையே இழந்தவர்களும் உண்டு. டின் என்னும் நிலையம் 2014ஆம் ஆண்டில் தன் இலவசச் சேவையை நிறுத்தியபோது, அதை நம்பியிருந்தவர்கள் வேறு பெயர் தேட நேர்ந்ததையும் நினைவிற் கொள்ளலாம்.

இன்னும் இரண்டு நுட்பமான பிழைகளைக் குறிப்பிட வேண்டும். டிடிகிளையன்ட் தான் கடைசியாக அறிவித்த எண்ணை ஒரு கோப்பில் குறித்து வைத்துக்கொள்ளும். பதிவேட்டில் உள்ளதை யாரேனும் கையால் மாற்றிவிட்டாலும், தன் குறிப்பில் எண் மாறாமலிருப்பதால் அது வாளாவிருக்கும். அந்தக் கோப்பை நீக்கிவிட்டு மறுபடி ஓட்டினால் சரியாகும். மற்றொன்று, தூதன் வெளியுலகைக் கேளாமல் வீட்டுக்குள் கணினிக்கு உள்ள எண்ணையே அனுப்பிவிடுவது. பதிவேட்டில் 192.168 என்றோ 10 என்றோ தொடங்கும் எண்ணைக் கண்டால் இதுவே காரணம். அவை வீட்டுக்குள் மட்டும் செல்லும் எண்கள். "சமையலறையை அடுத்த அறை" என்று மேல்விலாசம் எழுதி ஊருக்குக் கார்டு போட்டாற்போல் ஆகும்.

தூதன் 'குட்' என்ற விடையைப் பெற்ற பின்னும் சிறிது நேரம் பழைய எண்ணே வெளியே தெரியலாம். உலகெங்கும் உள்ள இடைநிலையங்கள் ஒரு முறை கேட்டறிந்ததைக் குறித்த காலம் வரை நினைவில் வைத்திருப்பதே இதற்குக் காரணம். அக்காலத்தை விநாடிக் கணக்கில் நாமே குறிக்கலாம். அது 86,400 என்றிருந்தால் பழைய விலாசம் ஒரு நாள் முழுதும் உலவும். 60 அல்லது 300 என்று குறைத்து வைப்பது வீட்டுக்கு ஏற்றது.

நமக்கும் அன்று காலை 'குட்' என்று விடை வந்தது. பதிவேடும் வெளியுலகம் கண்ட எண்ணும் பொருந்தின. வெற்றி கண்டோம் என்று எண்ணித் தாயாரை அழைத்து, "இப்போது பார், அம்மா" என்றோம். அப்போதும் பெட்டி திறக்கவில்லை. மாலையும் ஆயிற்று, நாளும் முடிந்தது.

நாம் செய்த பிழை, மூன்றில் இரண்டை மட்டும் ஒப்பிட்டதே. மறுநாள் ரௌட்டரைத் திறந்து முதல் விலாசத்தைப் பார்த்தோம். அது 100.72 என்று தொடங்கியது. வெளியுலகம் கண்ட எண்ணோ முற்றிலும் வேறு.

இதன் பொருளை விளக்குவோம். நான்கு எண் விலாசங்கள் மொத்தம் ஏறக்குறைய 430 கோடிதான். உலகப் பொதுக் கையிருப்பு 2011ஆம் ஆண்டு பிப்ரவரியில் தீர்ந்துபோயிற்று. வீட்டுக்கு ஒன்றாகக் கொடுக்க இயலாத கம்பெனிகள், பல நூறு வீடுகளை ஒரே வெளி விலாசத்தின் பின்னே வைக்கத் தொடங்கின. அவ்வீடுகளுக்கு உள்ளே வழங்குவதற்கென்றே 100.64 முதல் 100.127 வரை தொடங்கும் எண்கள் 2012ஆம் ஆண்டில் ஒதுக்கப்பட்டன.

ஒண்டுக்குடித்தனக் கட்டடம் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். நாற்பது குடும்பத்துக்கும் தெரு ஒன்று, கதவிலக்கம் ஒன்று. வாயிலில் ஒரு காவலாளி. உள்ளிருந்து ஒருவர் கடிதம் அனுப்பினால் காவலாளி குறித்துக்கொள்வான். பதில் வந்தால் சரியாகக் கொண்டு போய்க் கொடுப்பான். ஆனால் முன்பின் சொல்லாமல் புதிதாக ஒருவர் வந்து நின்றால், எந்த அறைக்கு அனுப்புவது என்று அவனுக்குத் தெரியாது, திருப்பி அனுப்பிவிடுவான். நம் தாயார் அந்தக் காவலாளியிடம்தான் வந்து நின்றார்கள். தூதன் பொய் சொல்லவில்லை. கட்டடத்தின் விலாசத்தை ஒழுங்காகவே அறிவித்தது. ஆனால் அது நம் வீட்டு வாயிலின் விலாசமன்று.

முதல் விலாசமும் இரண்டாம் விலாசமும் வேறுபட்டால், டைனமிக் டி.என்.எஸ்.ஸை எத்தனை நாள் பழுது பார்த்தாலும் பயனில்லை. ரௌட்டரின் விலாசம் 10 என்றோ 192.168 என்றோ தொடங்கினால், கம்பெனியின் பெட்டிக்குப் பின்னே நம் ரௌட்டர் இரண்டாவதாக நிற்கிறதா என்று முதலிற் பார்க்க வேண்டும். அது நம் வீட்டிலேயே தீரும் குறை. 100.64 வரிசையாயின், கம்பெனியைத்தான் நாட வேண்டும்.

அதற்கு வழிகள் மூன்று. கம்பெனியிடம் நமக்கென ஒரு பொது விலாசம் கேட்பது ஒன்று. பலர் மாதக் கட்டணம் பெற்று மாறாத எண்ணே கொடுக்கிறார்கள். ஐ.பி.வி.6 எனப்படும் நீண்ட விலாசத்தைப் பயன்படுத்துவது இரண்டாவது. அதிற் பஞ்சமில்லை, வீட்டுக் கணினிக்கே தனி விலாசம் கிடைக்கும். ஆனால் தூதன் அக்கணினியிலேயே இருந்து அதன் எண்ணை அறிவிக்க வேண்டும். ரௌட்டரின் காவலும் அதற்கு வழிவிட வேண்டும். பார்ப்பவரின் இணைப்பிலும் அவ்வசதி இருக்க வேண்டும். மூன்றாவது, நம் கணினியே வெளியே சென்று ஓர் இடத்தில் காத்திருந்து, வருபவரை அங்கே சந்திப்பது. டெயில்ஸ்கேல், கிளவுட்ஃப்ளேர் டனல் போன்றவை இம்முறையில் இயங்குபவை. காவலாளி உள்ளிருந்து புறப்படுபவரைத் தடுப்பதில்லை என்பதே இதன் சூட்சுமம்.

நாம் கம்பெனிக்கு எழுதினோம். மழையில் அறுந்த கம்பியைச் சரிசெய்தபோது நம் இணைப்பைப் பொது வரிசையிலிருந்து மாற்றிவிட்டதாகக் கூறி, பழையபடி ஆக்கிக் கொடுத்தார்கள்.

மூன்று விலாசங்களும் ஒன்றாகவே இருந்தும் பெட்டி திறக்காவிட்டால் என் செய்வது? அப்போது பெயரின் மேல் பழியில்லை, குற்றம் வாயிலில். வெளியிலிருந்து வருவோரை எந்தக் கணினிக்கு அனுப்புவது என்று ரௌட்டரில் ஒரு கட்டளை எழுதியிருப்போம். மின்சாரம் போய் வந்தபின் அக்கணினிக்கு வீட்டுக்குள் வேறு எண் கிடைத்திருந்தால், வந்தவர் வெற்றறைக்குச் செல்வார். கணினிக்கு நிலையான உள் எண் ஒன்றை ரௌட்டரிலேயே ஒதுக்கிவிடுவது நலம். சில கம்பெனிகள் 80, 25 போன்ற குறிப்பிட்ட வாயில்களை அடைத்து வைப்பதும் உண்டு. பெயருக்கு நேரே பழைய நீண்ட விலாசம் ஒன்று மறதியாக நின்றுகொண்டிருந்தாலும், புதிய கைபேசிகள் முதலில் அதையே நாடி ஏமாறும்.

பரீட்சை செய்யும்போது ஒன்றை மறவாதீர்கள். வீட்டுக்குள் இருந்துகொண்டே வெளிப்பெயரைத் திறந்து பார்ப்பது சரியான சோதனையாகாது. சில ரௌட்டர்கள் உள்ளிருந்து வெளியே சென்று மறுபடி உள்ளே திரும்புவதை அனுமதிப்பதில்லை. எனவே கைபேசியில் வைஃபையை அணைத்து, அதன் சொந்த இணைப்பில் திறந்து பாருங்கள். அதுவே ஊரிலிருப்பவர் காணும் காட்சி. அன்று காலை நாம் இதை ஒரு முறை செய்திருந்தால், தாயாரின் விரலைக் குறை கூறியிருக்க மாட்டோம்.

எச்சரிக்கையாக ஒரு சொல். உலகுக்குத் தெரியும்படி வாயிலைத் திறந்தால் உறவினர் மட்டுமல்ல, கள்வரும் வந்து தட்டுவர். கடவுச்சொல் நீண்டதாக இருக்கட்டும். நிரல்களை உரிய காலத்தில் புதுப்பியுங்கள். ரௌட்டரின் நிர்வாகப் பக்கத்தையும் வீட்டுக் காமிராவையும் நேரே வெளியுலகுக்குத் திறந்து வைக்காதீர்கள். இயன்றால் வயர்கார்ட் போன்ற மறைவழி ஒன்றை மட்டும் திறந்து, ஏனையவற்றை அதன் உள்ளே வைப்பது உத்தமம்.

நினைவு நாள் கழிந்து நான்காம் நாள் மாலையில் தாயார் அழைத்தார்கள். பெட்டி திறந்ததென்றும், குரலைக் கேட்டதாகவும் சொன்னார்கள். "உன் அப்பா நாலு நாள் தாமதமாக வந்தார், ரயில் தாமதம் அவருக்குப் புதிதா?" என்று சிரித்தார்கள். தகப்பனார் விடுமுறைதோறும் ரயிலேறி ஊருக்குச் சென்றவர். நாம் சிரிக்க இயலவில்லை. அன்று மூன்று முறை சொன்ன சொல்லுக்காக மன்னிப்புக் கேட்டோம். "அதை நான் அன்றே மறந்துவிட்டேன்" என்றார்கள்.

அடுத்த வாரமே தங்கை தஞ்சாவூருக்குச் சென்று, கேசட்டுகள் முழுவதையும் ஒரு சிறு பென் டிரைவில் ஏற்றித் தாயாரிடம் கொடுத்துவிட்டு வந்தாள். அதற்குப் பெயரும் வேண்டாம், விலாசமும் வேண்டாம், தூதனும் வேண்டாம். உயிரான பொருளின் ஒரே பிரதியைத் தொலைவில் ஒரு கதவின் பின்னே வைக்கலாகாது என்பதை இச்சங்கடம் நமக்குக் கற்பித்தது. அன்பர்களும் வீட்டில் அமைதியாக இருக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் மூன்று விலாசங்களையும் தாளில் குறித்து, ரௌட்டரின் அடியில் ஒட்டி வைப்பார்களாக. மின்சாரம் போய் வரும் நாளில் அத்தாள் உதவும்.

வீட்டிலுள்ள படங்களுக்கும் பதிவுகளுக்கும் பிரதி எடுத்துக் காப்பது எவ்வாறு என்பதை அடுத்த இதழில் எழுதுவோம்.